தினைமாவு கேட்ட கிழவர்

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.



போன கிருத்திகைப் பதிவு போட்ட ராத்திரியே ஒரு தங்கச்சிகிட்ட இருந்து செய்தி வந்துச்சு. பேரு, ஊரு வேண்டாம். காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறாங்க. "அண்ணா, மூணு வருஷமா கிருத்திகை விரதம் இருக்கேன். இப்ப எங்க அம்மாயி படுத்த படுக்கை. நானும் அம்மாவும்தான் பாத்துக்கறோம். ஆறு மாசமா கோயில் வாசலை மிதிக்கல. கையில எந்நேரமும் டெட்டால் வாசனை. பூஜை அறையில வேலைத் தொடவே கூச்சமா இருக்கு. முருகன் என்னை மறந்துட்டாரா, இல்ல நான் அவரை மறந்துட்டேனா?"

இதுக்கு ரெண்டு வரியில பதில் போட மனசு வரல. அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பஸ்ல போகும்போது படிங்க.

முதல்ல ஒரு கதை. எல்லாருக்கும் தெரிஞ்ச வள்ளி கல்யாணம். ஆனா நாம அதைச் சொல்லும்போது யானை வர்ற இடத்துக்கு அவசரமா ஓடிப் போயிடறோம். அதுக்கு முன்னாடி ஒரு இடம் இருக்கு. அங்கதான் இன்னைக்கு உட்காரணும்.

வள்ளிமலையில் தினைப்புனம் காத்துக்கொண்டிருந்த வள்ளியம்மையிடம் பெருமான் வேடனாக வருகிறார். நம்பிராஜன் வரும் சத்தம் கேட்டு வேங்கை மரமாக நிற்கிறார். இன்னொரு முறை நம்பிராஜன் வரும்போது கிழவராக மாறிவிடுகிறார். நரைத்த தலை, தளர்ந்த நடை, கையில் ஒரு கோல். நம்பிராஜனுக்கு விபூதி கொடுக்கிறார். இந்த மலைக் குமரியில் ஆட வந்தேன் என்று இரண்டு அர்த்தம் வைத்துப் பேசுகிறார். அந்த அப்பாவி மனுஷன் தீர்த்தம் என்று நினைத்துக்கொண்டு, மகளுக்குத் துணையாக இரும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

அவன் தலை மறைஞ்சதும் கிழவர் ஆரம்பிக்கிறார். பசிக்குதாம். வள்ளி தினைமாவும் தேனும் தருகிறாள். சாப்பிட்டதும் விக்கலாம், தண்ணீர் வேணுமாம். மலைகளுக்கு அந்தப் பக்கம் சுனை இருக்கிறது, போய்க் குடியும் என்கிறாள். வழி தெரியாதாம், கூட வந்து காட்டணுமாம். அவளும் போகிறாள். தண்ணீர் குடித்த பிறகு அடுத்ததாக என்ன கேட்டார் என்பது உங்களுக்கே தெரியும். அதுக்கு வள்ளியம்மை விட்ட டோஸும் தெரியும்!

இங்க கவனிங்க. தினைமாவு கொடுத்தப்ப அவளுக்கு அது முருகன்னு தெரியாது. தெரிஞ்சு கொடுத்திருந்தா அது நைவேத்தியம். தெரியாம கொடுத்தா. ஒரு கிழவர் பசின்னார், கொடுத்தா. வழி தெரியலைன்னார், கூட நடந்தா. சாப்பாடு, தண்ணி, கூட ஒரு ஆள். வயசானவங்களும் உடம்பு முடியாதவங்களும் அவங்க வீட்டுலயே இருக்கணும்னா வெளியில இருந்து வேணுங்கறது பெரும்பாலும் இந்த மூணுதான்.

இன்னொன்னு. அந்தக் கிழவர் ஒண்ணு கேட்டு நிறுத்தல. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. வீட்டுல வயசானவங்களோட இருக்கறவங்களுக்கு இது நல்லாப் புரியும். எங்க குழுவுல இதுக்கு ஒரு சங்கேத வார்த்தையே இருக்கு. பால் பாக்கெட் வாங்கிக் கொடுக்கப் போன பையன் ரேடியோவுக்குப் பேட்டரி மாத்தி, மருந்துக் கடைக்குப் போயி, கறிவேப்பிலை பறிச்சுக் கொடுத்து ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வருவான். "என்னடா இவ்ளோ நேரம்?"னு கேட்டா, "சுனை வரைக்கும் போயிட்டு வந்தேன்"னு சொல்லுவான்.

குழுன்னு சொன்னேன்ல, அது எப்படி வந்ததுன்னும் சொல்லிடறேன். நான் இருக்கறது தாராபுரம் பக்கம். தைப்பூசத்துக்கு ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துல இருந்து பழனிக்கு நடந்து போற கூட்டம் எங்க ரோட்டு வழியாத்தான் போகும். வருஷா வருஷம் நாங்க பந்தல் போடுவோம். சுக்குக் காபி, மோர், பாதத்துக்கு எண்ணெய், கொப்புளத்துக்கு மருந்து. பாதயாத்திரை வர்றவங்க காலைப் புடிச்சு விடறது முருகன் காலைப் புடிக்கற மாதிரின்னு சொல்லுவோம். உண்மையாவே அப்படித்தான் இருக்கும். தூங்காம ரெண்டு ராத்திரி செஞ்சாலும் களைப்பே தெரியாது.

பந்தலுக்கு எதிர் வீட்டுத் திண்ணையில ஒரு ஆத்தா. வயசு எண்பதைத் தாண்டியாச்சு. தனி ஆள். எங்க வேலையைப் பாத்துட்டே உட்கார்ந்திருப்பாங்க. ஒரு வருஷம், பந்தலைப் பிரிக்கற அன்னைக்கு, மிச்ச எண்ணெயை வாங்கிக்கறீங்களா ஆத்தான்னு ஒரு பையன் கேட்டான். அவங்க சிரிச்சுட்டே சொன்னாங்க: "நடந்து போறவங்களுக்குத்தான் எண்ணெயாக்கும் சாமி? நடக்க முடியாதவங்களுக்கு இல்லீங்களா?"

குத்திக் காட்டணும்னு சொன்னதில்ல. கொங்கு நாட்டு ஆத்தாக்களுக்கே உள்ள கேலி அது. ஆனா அந்த வார்த்தைதான் எங்க பதினாலு பேரையும் வருஷத்துல மிச்ச நாளுக்கும் கட்டிப் போட்டுச்சு.

அந்த ஆத்தா போன ஐப்பசி மழையில புழக்கடையில வழுக்கி விழுந்தாங்க. மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு. இடுப்புக்கு ஒண்ணும் ஆகல, முருகன் புண்ணியம். மகன் ஓசூர்ல கம்பெனி வேலை. பாசமான மனுஷன், அதைச் சந்தேகப்பட ஒண்ணுமில்ல. ஓடி வந்து ஒரு வாரம் இருந்தார். அப்புறம் ரெண்டு வழி சொன்னார். ஒண்ணு, அவர் கூட ஓசூர் அபார்ட்மென்ட்டுக்கு வரணும். இல்லைன்னா கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கார், அங்க போகணும். ஆத்தா ரெண்டுக்கும் தலையாட்டல. "அங்க போனா என்னைய ஆத்தான்னு கூப்புட ஆரு இருக்கறாங்க? இங்க காக்காய்க்குக் கூட என்னையத் தெரியும்"னாங்க.

வீட்டுலயே இருக்கறதுதான் எல்லாருக்கும் எப்பவும் நல்லதுன்னு நான் சொல்ல வரல. மறதி நோய் முத்திப் போயி ராத்திரியில ரோட்டுக்கு நடந்து போயிடற ஒருத்தரைத் தனியா வீட்டுல விட முடியாது. வீட்டுலயே அடியும் வசவும் வாங்கற பெரியவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு நல்ல இல்லம் எவ்வளவோ மேல். ஆனா புத்தி தெளிவா இருக்கற ஒரு மனுஷி, என் வாசல், என் மாடத்து முருகன், என் வேப்ப மரம்னு சொல்லும்போது, விழுந்துட்டாங்கங்கற ஒரே காரணத்துக்காக அதையெல்லாம் பிடுங்கறது நியாயமா?

மகன்கிட்டப் பேசினோம். பங்குனி உத்திரம் வரைக்கும் பாக்கலாம்னு ஒத்துக்கிட்டார்.

விழறதைத் தடுக்கறதுதான் முதல் வேலை. இங்க தண்டியடிகள் நாயனாரைச் சொல்லாம இருக்க முடியாது. சைவர்கள் நாம அறுபத்துமூவர் குருபூஜை கொண்டாடறோம், ஆனா இவர் கதையை எத்தனை பேர் யோசிச்சுப் பாத்திருக்கோம்?

திருவாரூர்க்காரர். பிறவியிலேயே கண் தெரியாதவர். கமலாலயக் குளம் தூர்ந்து சுருங்கிப் போனதைக் கேள்விப்பட்டு, தானே வெட்டி ஆழப்படுத்தணும்னு இறங்கினார். எப்படி? குளத்துக்குள்ளே ஒரு கம்பு நட்டார், கரையில ஒரு கம்பு நட்டார், நடுவுல கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கிட்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில போட்டு, கயிற்றைத் தடவிக்கிட்டே ஏறிக் கொட்டினார். அவரைக் கேலி பண்ணினவங்க கடைசியில அந்தக் கம்பையும் கயிற்றையும் மண்வெட்டியையும் பிடுங்கிக்கிட்டாங்கன்னு பெரியபுராணம் சொல்லுது. அதுக்கப்புறம்தான் ஈசன் இறங்கி வந்தார்.

யோசிச்சுப் பாருங்க. "பாவம் கண்ணு தெரியல, நீங்க உட்காருங்க, நாங்க வெட்டறோம்"னு சொல்லியிருந்தா அங்க நாயன்மாரே கிடையாது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கயிறு. மண்வெட்டி அவர் கையிலயே இருக்கணும்.

ஆத்தா வீட்டுலயும் அதைத்தான் செஞ்சோம். கட்டில்ல இருந்து சமையலறை, அங்கிருந்து புழக்கடைக் கழிவறை. இந்த வழிதான் அவங்களுக்கு உலகம். நிஜக் கயிறு கட்டினா ஆடும், உடம்பு பாரத்தைத் தாங்காது. அதனால எங்க குழுவுல வெல்டிங் பட்டறை வச்சிருக்கற தம்பி, சுவத்துல ஜி.ஐ. பைப் அடிச்சுக் கொடுத்தான். கழிவறையில உட்கார நாற்காலி மாதிரி ஒண்ணு. வழுக்கற கல்லை எடுத்துட்டு சொரசொரப்பான சிமென்ட் தரை. வாசப்படியில கிடந்த பழைய சாக்கு மிதியடியை எடுத்தாச்சு, அது தடுக்கித்தான் பாதிப் பேரு விழறாங்க. ராத்திரிக்குச் சின்ன எல்.இ.டி. விளக்கு. மொத்தச் செலவு ஒரு பந்தல் செலவுல கால்வாசி கூட வரல. கோலம் மட்டும் இன்னும் அவங்கதான் போடறாங்க, முக்காலியில உட்கார்ந்து இடது கையால. கோணல் மாணலா இருக்கும். யாரும் திருத்தக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒப்பந்தம்.

காலையில ஆறரைக்குப் பால் வாங்கிக் கொடுக்க ஒருத்தர் போவார். கதவு திறக்கலைன்னா உடனே தெரிஞ்சிடும், அதுதான் பாலோட உண்மையான வேலை. மாத்திரைகளை காலை, மதியம், ராத்திரின்னு பிரிச்ச டப்பாவுல வாரத்துக்கு ஒரு தரம் போட்டு வைக்கறது எங்க குழுவுல நர்ஸ் வேலை பாக்கற அக்கா. மத்த யாரும் மாத்திரையில கை வைக்கறதில்ல. கூட்டவும் குறைக்கவும் நாம டாக்டர் இல்ல. பணம்னா எப்பவும் ரெண்டு பேர் போகணும், நோட்டுல எழுதி ஆத்தாகிட்டக் கையெழுத்து வாங்கணும். ஏ.டி.எம். ரகசிய எண்ணை அவங்களே சொன்னாலும் கேட்டுக்கக் கூடாது. இது அவநம்பிக்கை இல்ல. நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க.

இன்னொரு வீடு. முப்பது வயசுகூட ஆகாத ஒரு தம்பி. தென்னை மரத்துல இருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. கொங்குப் பக்கம் இந்த மாதிரி விழறது புதுசில்ல. உணர்ச்சி இல்லாத உடம்புக்கு வலி தெரியாது, அதுதான் ஆபத்தே. ஒரே பக்கம் படுத்திருந்தா வால் எலும்புகிட்டயும் குதிகால்லயும் தோல் சிவந்து, புண்ணாகி, எலும்பு வரைக்கும் போயிடும். அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அந்த இடத்துல பாரம் படாமப் பாத்துக்கணும். பகல் எப்படியோ ஓடிடும். ராத்திரி? அவங்க அம்மா அலாரம் வச்சு எந்திரிப்பாங்க. பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு. வருஷக் கணக்கா அந்தம்மா முழுசா ஒரு ராத்திரி தூங்கினதில்ல.

வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் எங்க பசங்க ரெண்டு பேர் அங்க போய்ப் படுத்துக்கறாங்க. முதல் வெள்ளிக்கிழமை அந்தம்மா தூங்காம நாலு தரம் எட்டிப் பாத்தாங்களாம். மூணாவது வாரம் காலையில எட்டு மணிக்குத்தான் எந்திரிச்சாங்க. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் பாக்கணும்னு அவங்களுக்குப் பல வருஷ ஆசை. போன சஷ்டிக்கு ரெண்டு நாள் அனுப்பி வச்சோம். நாங்க யாரும் போகல. மொட்டை மாடியில ஃபோன்ல நேரலை பாத்தோம். பாத்துக்கறவங்களைப் பாத்துக்கறது, இதைப் பத்தி யாருமே பேசறதில்ல. நோயாளிக்குப் பழம் வாங்கிட்டுப் போறோம். பக்கத்துல நிக்கற அம்மாவை, மருமகளை, பொண்டாட்டியை "நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்கறோமா?

இந்தத் தம்பியைப் பத்தி இன்னொன்னு சொல்லணும். எங்க குழுவோட மூளையே இவன்தான். யார் எந்த நாள் எந்த வீடுன்னு முறை போடறது அவன். சாயங்காலம் ஏழு மணிக்கு பதினோரு பெரியவங்களுக்கும் வரிசையா ஃபோன் பண்ணி, "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கதவு தாழ் போட்டாச்சா"ன்னு கேக்கறவனும் அவன்தான். யாராச்சும் எடுக்கலைன்னா பத்து நிமிஷத்துல அந்த வீட்டு வாசல்ல எங்க ஆள் நிப்பான். அவனுக்கு நாங்க பிடிச்சது கயிறு. மண்வெட்டி அவன் கையிலதான் இருக்கு.

ஆய்க்குடி பாலசுப்பிரமணியரைக் கும்பிடப் போறவங்க, அந்த ஊர்லயே அமர் சேவா சங்கம் இருக்கறதையும் தெரிஞ்சு வச்சுக்கங்க. 1981ல அதை ஆரம்பிச்ச எஸ்.ராமகிருஷ்ணன் அவர்கள், இளம் வயதில் ஒரு தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. படுத்த இடத்துல இருந்து ஒரு ஊரையே தூக்கி நிறுத்தினவர். முருகன் மலைக்கெல்லாம் படி எண்ணிச் சொல்றோம்: சுவாமிமலை 60, திருத்தணி 365, பழனி 693. சக்கர நாற்காலிக்காரருக்கு அவர் வீட்டு வாசலோட மூணு படி அதைவிட உயரம். பழனிக்காவது விஞ்ச்சும் ரோப்காரும் இருக்கு. வீட்டு வாசலுக்கு ஒரு சாய்தளம் போட ரெண்டு மூட்டை சிமென்ட் போதும்.

இப்ப சில பேர் கேக்கற கேள்விக்கு வர்றேன். "பெத்த புள்ளைங்க செய்ய வேண்டியதை நீங்க ஏன் செய்யறீங்க? நீங்க செய்யச் செய்ய அவங்க பொறுப்பைக் கழட்டி விட்டுடுவாங்க." எங்க குழுவுலயே ஒரு அண்ணன் கேட்டார். சண்டையே வந்துச்சு. நியாயமான கேள்விதான். பெத்தவங்களைப் பாத்துக்கணும்னு 2007ல சட்டமே வந்தாச்சு. கைவிடப்பட்ட பெரியவங்க கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம். 14567ன்னு முதியோர் உதவி எண் இருக்கு, அதை ஃபோன்ல போட்டு வச்சுக்கங்க.

எனக்கு இதுக்குப் பதில் திருச்சி மலைக்கோட்டையில இருக்கு. ரத்னாவதிங்கற செட்டிப் பெண்ணுக்குப் பிரசவ வலி. அம்மா வரணும், ஆனா காவிரியில வெள்ளம், அக்கரையிலயே நின்னுட்டாங்க. அந்த நேரத்துல சிவபெருமான் அந்த அம்மா உருவத்துலயே வந்து கதவைத் தட்டினார். பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடியற வரைக்கும் இருந்து பத்தியம் பார்த்தார், குழந்தையைக் குளிப்பாட்டினார். வெள்ளம் வடிஞ்சு நிஜ அம்மா வந்து நின்னதும் என்ன செஞ்சார்? மறைஞ்சுட்டார். தாயும் ஆனவர்னு பேரு மட்டும் நின்னுச்சு.

அந்த அம்மா கெட்டவங்க இல்ல, நடுவுல ஆறு ஓடுச்சு. இன்னைக்குக் காவிரிக்குப் பதிலா ஓசூர், பெங்களூரு, துபாய், ஷிஃப்ட், ஈ.எம்.ஐ. வெள்ளம் இருக்கற வரைக்கும் நாம அந்த இடத்துல நிக்கறோம். மகன் வந்துட்டா நாம மறைஞ்சுடணும். ஆத்தாவோட மகன் மாசத்துல ரெண்டாவது சனி, ஞாயிறு வர்றார். அந்த ரெண்டு நாள் நாங்க அந்த வாசலுக்கே போறதில்ல. பால்கூட அவர்தான் வாங்கணும். முதல் தடவை சர்க்கரை மாத்திரை எந்த வேளைன்னு தெரியாம முழிச்சார். இப்ப டப்பாவை அவரே நிரப்பறார். பொறுப்பு கழண்டு போச்சா, ஒட்டிக்கிச்சா? நீங்களே சொல்லுங்க.

தமிழ்நாட்டு அரசு 2025 ஆகஸ்ட்டுல வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்கற திட்டத்துக்கு தாயுமானவர்னே பேரு வச்சிருக்காங்க. அரசியல் பேசல, யாருக்குக் கிடைக்கும்னு தெரிஞ்சுக்கங்க, அவ்ளோதான். 2021 ஆகஸ்ட்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருது. பிசியோதெரபியும், படுக்கையில இருக்கறவங்களுக்கான பராமரிப்பும் அதுல உண்டு. ஓய்வூதியக்காரங்க நவம்பர்ல கொடுக்கற உயிர்வாழ் சான்றுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல் ரேகை வாங்கிக்குவார். தேர்தல்ல 85 வயசு தாண்டினவங்க வீட்டுலயே ஓட்டுப் போடலாம், முன்கூட்டியே படிவம் கொடுக்கணும். இதெல்லாம் இருக்கு. ஆனா இருக்குன்னு எங்க ஆத்தாவுக்கு யார் சொல்றது? படிவத்தை யார் நிரப்பறது? தொண்டருங்க வேலையில பாதி இதுதான். சேவைன்னா காலைக் கழுவறது மட்டும்னு நினைக்காதீங்க. தாலுகா ஆபீஸ் வரிசையில நிக்கறதும் சேவைதான், சொல்லப் போனா அதுதான் கஷ்டமான சேவை.

பக்கத்துல கேரளாவுல இதைப் பெருசாவே செஞ்சு காட்டியிருக்காங்க. 1993ல கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில வலி நிவாரணத்துக்குன்னு ஒரு சின்ன இடத்துல ஆரம்பிச்சது. அப்புறம் மலப்புறம் மாதிரி ஊர்கள்ல டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், ஸ்கூல் பசங்க, குடும்பத் தலைவிங்கன்னு எல்லாரும் பயிற்சி எடுத்துக்கிட்டு, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் கொடுத்தா போதும்னு வீடு வீடாப் போனாங்க. டாக்டரும் நர்ஸும் அவங்க பின்னாடி வந்தாங்க. 2008ல மாநில அரசே அதுக்கு ஒரு கொள்கை அறிவிச்சது. மாப்பிள்ளை முஸ்லிம், நாயர், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே ஜீப்புல போவாங்க. ரெண்டு மணி நேரம் எவ்வளவு? நாம ஒரு நாள்ல ரீல்ஸ் பாக்கற நேரம்.

ஒரு எச்சரிக்கை. உற்சாகத்துல எல்லாத்தையும் நாமே செஞ்சிடலாம்னு இறங்கக் கூடாது. ஊசி, சிறுநீர்க் குழாய் மாத்தறது, புண்ணுக்கு ஆழமாக் கட்டுப் போடறது, இதுக்கெல்லாம் நர்ஸ் வரணும். ஒருத்தர் விழுந்து கிடந்தா கையைப் புடிச்சு உடனே தூக்கக் கூடாது. இடுப்பு வலின்னு சொன்னா, கால் ஒரு பக்கமாத் திரும்பியிருந்தா, அசைக்காம 108 கூப்பிடுங்க. வாய் கோணுது, ஒரு கை தூக்க வரல, பேச்சு குழறுதுன்னா "தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்"னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டு கரைக்கற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். விபூதியை நெத்தியில பூசிட்டே ஆம்புலன்ஸ்ல ஏத்துங்க, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். சண்முக கவசம் அருளிய பாம்பன் சுவாமிகளே 1923 டிசம்பர்ல சென்னை தம்புச்செட்டித் தெருவுல குதிரை வண்டி மோதிக் கால் முறிஞ்சப்ப, பெரிய ஆஸ்பத்திரியிலதான் படுத்திருந்தார். எழுபது வயசைத் தாண்டினவர், பிழைக்கறதே கஷ்டம்னு டாக்டருங்க சொன்னாங்க. அன்பர் கவசம் படிச்சார், டாக்டருங்க வைத்தியம் பாத்தாங்க. ரெண்டும் சேர்ந்தே நடந்துச்சு.

இப்ப அந்தத் தங்கச்சிக்கு.

தங்கச்சி, நீங்க ஆறு மாசமா கோயில் வாசலை மிதிக்கலைன்னு எழுதியிருக்கீங்க. வள்ளியம்மையும் அன்னைக்கு எந்தக் கோயிலுக்கும் போகல. புனம் காக்கற பரண்ல இருந்தா, கிழவர்தான் அவகிட்ட வந்தார். உங்க அம்மாயிக்கு நீங்க ஊட்டற கஞ்சியில தேன் இல்லாம இருக்கலாம், ஆனா அது தினைமாவுதான். டெட்டால் கையோட வேலைத் தொடுங்க. சூரனை வதைச்சப்ப ரத்தத்துல நனைஞ்ச வேலுக்கு டெட்டால் வாசனை பெருசில்ல. கோவம் வந்தா வரட்டும், நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் வராது? வள்ளியும் அந்தக் கிழவரைத் திட்டினாள்தான். அவர் போயிடல.

ஆனா ஒண்ணு செய்யணும். நீங்களும் அம்மாவும் மட்டும்னு இருக்காதீங்க. உங்க தெருவுல, உங்க கோயில் பஜனைக் குழுவுல கூச்சப்படாமக் கேளுங்க: "வாரத்துல ஒரு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் எங்க அம்மாயி பக்கத்துல யாராச்சும் உட்கார முடியுமா?"ன்னு. அவங்க மருந்து கொடுக்க வேண்டாம், துணி மாத்த வேண்டாம், உட்கார்ந்தா போதும். நம்பிராஜனே மகளுக்குத் துணை இரும்னு கேட்டவன்தான். அந்த ரெண்டு மணி நேரத்துல நீங்களும் அம்மாவும் கோயிலுக்குப் போங்க. இல்ல, படுத்துத் தூங்குங்க.

எங்க ஆத்தா விஷயம் இன்னும் முடிவாகல. மாவுக்கட்டு பிரிச்சாச்சு, விரல் இன்னும் முழுசா மடங்கல. பிசியோதெரபி அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி தினமும் ஒரு துணிப் பந்தை அழுத்திக்கிட்டே திண்ணையில உட்கார்ந்திருப்பாங்க. பங்குனி உத்திரத்துக்கு மகன் வர்றார். ராத்திரியில யாருமில்லைங்கறதுதான் அவரோட ஒரே பயம், அது நியாயமான பயமும்கூட. வாரத்துல அஞ்சு ராத்திரிக்குத் திண்ணையில படுக்க ஆள் சேர்ந்தாச்சு. செவ்வாயும் வியாழனும் இன்னும் காலி. தாராபுரம் பக்கம் இருக்கற அடியார்கள் யாராவது வர முடிஞ்சா, இதை உங்களுக்கு அனுப்பின நண்பர்கிட்டச் சொல்லி விடுங்க. போர்வை நாங்க தருவோம். கொசு கொஞ்சம் உண்டு. காலையில ஆத்தா கையால சுக்குக் காபி கிடைக்கும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!